கொசு விட வந்தவள்

டப்பாவுக்குள் இருநூறு கொசுக்கள் இருந்தன. முகக்கவசம் போட்டிருந்த அமுதவள்ளி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பிளாட்டின் படிக்கட்டு அடியில் நின்றாள்.

கீழ்த்தள வீட்டு வாசலை மறித்து நின்றாள் புனிதா. இடுப்பில் ஒன்றரை வயது மகன், வலது கையில் கொசு மருந்து ஸ்ப்ரே.

“இங்க விடாதீங்கக்கா. விட்டா அடிச்சிருவேன்.”

கொசுவைத்தான் சொன்னாள். ஆனால் ஸ்ப்ரே நீண்டிருந்தது அமுதவள்ளியின் முகத்துக்கு நேராக.

மலேசியாவில், சுங்கை வேயின் இந்தப் பழைய பிளாட்டில் மற்ற வீடுகளெல்லாம் தலையாட்டிவிட்டன, சிரித்துக்கொண்டே. இத்தனை வருஷம் புகையடித்துக் கொசுவைக் கொன்ற சுகாதாரத்துறை, இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளனுப்பிக் கொசுவை விடுகிறது என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

புனிதா மட்டும் சிரிக்கவில்லை.

“மூத்தவன டெங்கிக்குக் குடுத்துட்டேன். ஏழு வயசு. இவனையும் குடுக்க முடியாதுலா.”

அமுதவள்ளி அந்த ஸ்ப்ரேயைப் பார்த்தாள். இந்த ஒரு வீடு மருந்தடித்தால் போதும், இந்தப் படியில் விடுகிற கொசு ஒன்றும் தேறாது. மழை பிடித்ததும் பழைய கொசுக்கள் பெருகிவிடும். அவை இந்தப் பிள்ளையையும் கடிக்கும்.

“இது வேற கொசும்மா. இதுக்குள்ள ஒரு பாக்டீரியா இருக்கு. அது இருந்தா டெங்கி வைரஸ் வளர முடியாது.”

“பாக்டீரியா, வைரஸ், எல்லாம் ஒரே கிருமிதானேக்கா?”

அமுதவள்ளியும் ஐம்பது வயது வரை அப்படித்தான் நினைத்திருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டியபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பாக்டீரியா ஒரு முழு உயிராம். தின்னும், வளரும், ஒன்று இரண்டாகும். வைரஸ் அதைவிடப் பல மடங்கு பொடிசு. அதற்கு வாயில்லை, வயிறில்லை, மூச்சில்லை. தன்னைப் போல இன்னொன்றைச் செய்வது எப்படி என்கிற குறிப்பு ஒன்றை உறைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறது. ஏதாவது ஓர் உயிரணுவுக்குள் புகுந்தால், அந்த வீட்டுச் சட்டிபானையிலேயே தன்னைச் சமைத்துப் பெருக்கிக்கொள்கிறது.

அப்பேர்ப்பட்டதைக் கொசுவின் உடம்புக்குள் வைத்தே அடக்குகிறது ஒரு பாக்டீரியா. தாய்க்கொசு அதைத் தன் முட்டைக்குள் போட்டு அனுப்புகிறது. பிள்ளைக்கொசுவுக்கும் அது போகிறது, பேரப்பிள்ளைக்கும் போகிறது. அன்று வகுப்பு முடிந்து பேருந்தில் வரும்போது, கம்பியில் உட்கார்ந்திருந்த ஒரு கொசுவை அவள் இறங்குமிடம் தாண்டியும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் நின்று இதையெல்லாம் சொல்ல அவளுக்குக் கோவையாக வரவில்லை.

டப்பாவைப் படியில் வைத்து, அதன் வாயில் கட்டியிருந்த வலையின் மேல் முன்கையை வைத்து அழுத்தினாள்.

கொசுக்கள் வந்து அடியில் தொங்கின. நாலு, எட்டு, இருபது. அவள் கையை எடுக்கவில்லை. வரிக்கால் கொசுக்களின் வயிறு ஒவ்வொன்றாகச் சிவந்தது. தன் ரத்தம் போகிற அந்தத் துளி உடம்புக்குள் எவ்வளவு பெரிய காவல் நடக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

“அரிக்கலையாக்கா?”

“அரிக்குது.”

வேர்த்துக் கொட்டியது. மற்ற கையால் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

புனிதா அவளையே பார்த்தாள். பிறகு ஓரடி முன்னால் வந்தாள்.

“அக்கா, நீங்க முன்ன கிளினிக்ல மருந்து குடுப்பீங்கதானே? எங்க முகுந்தனுக்கு ஸ்ட்ராங்கா குடுங்கன்னு நான் அழுதப்ப, நீங்கதானே டாக்டர்கிட்ட பேசி ஆன்டிபயாட்டிக் வாங்கிக் குடுத்தீங்க?”

அமுதவள்ளி பதினோரு வருஷம் அந்தக் கவுண்டரில் இருந்தாள். கெஞ்சுகிற தாய்மாருக்காக டாக்டரிடம் பேசி வாங்கிக் கொடுப்பது அவள் வழக்கம். நல்ல அக்கா என்று பெயர். எத்தனையோ பிள்ளைகள். முகுந்தனின் முகம் அவளுக்கு நினைவில் இல்லை.

“குடுத்த மறுநாளே காய்ச்சல் விட்டுப்போச்சுக்கா. இனி பயமில்லன்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாம வீட்லயே வச்சிருந்தோம். அப்புறம் என்னமோ ஆயிருச்சு, அவன் விதி. ஆனா காய்ச்சல் உங்க மருந்துக்குக் கேட்டுச்சு.”

அந்த மருந்து பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸுக்கு அது பச்சைத் தண்ணீர். டெங்கிக் காய்ச்சல் சில நாளில் தானாகவே இறங்கும், இறங்கிய பிறகுதான் ஆளைச் சாய்க்கும். இதுவும் அவளுக்கு அந்த வகுப்பில்தான் தெரிந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தாள். சொன்னால் இந்த வாசல் அடைபட்டுவிடும்.

புனிதா ஸ்ப்ரேயைக் கீழே வைத்தாள். பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, டப்பாவின் வலையில் கை வைத்தாள்.

“நீங்க சொன்னா நம்பலாம்க்கா,” என்று சொல்லி, வலையைத் தானே அவிழ்த்துவிட்டாள்.