பூஜையில் வைத்த பேனாப் பெட்டி

வீட்டில் ஒரு பேனாகூட இல்லை.

மேசை டிராயர் காலி. காலண்டரில் நூல் கட்டித் தொங்கும் பால்பாயிண்ட் முதல், ஃப்ரிட்ஜ் மேல் உருளும் பென்சில் துண்டு வரை மாயம்.

வித்யா பூஜை அலமாரியைப் பார்த்தாள்.

அவளுடைய பேனாப் பெட்டி, கண்ணாடிச் சில்லு பதித்த மூடியில் சந்தனமும் குங்குமமுமாக, சரஸ்வதி படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தது. அத்தனையும் அதற்குள்.

சரஸ்வதி பூஜையன்று எழுதக் கூடாது. மறுநாள் காலை கற்பூரம் காட்டித்தான் பேனாவைத் தொட வேண்டும். மாமியார் வனஜாவின் சட்டம்.

நேற்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் கிடக்கும் படிவத்துக்கோ இன்று மாலை ஐந்து மணி கெடு. கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினால் போதும். அவள் பாடம் நடத்தும் பள்ளியின் திருநெல்வேலிக் கிளைக்கு மாற்றல். அம்மா வீடு. மூன்று மாதமாக முகம் பார்த்துப் பேசாத கணவன் அஸ்வினிடமிருந்து அறுநூறு கிலோமீட்டர்.

மணி நாலே முக்கால்.

எதிர் குவார்ட்டர்ஸ் அங்கம்மாவிடம் ஓடினாள்.

"எல்லாம் சாமிகிட்ட கீதும்மா. இன்னிக்குப் போய் யார்னா எழுதுவாங்களா? இந்தா, சுண்டல் துன்னு."

சுண்டல் கிண்ணத்தோடு திரும்பியவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் பெட்டி, அவள் பேனா. ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? மகன் மூன்று மாதம் ஊமையாகத் திரிந்தபோது வாயைத் திறக்காத மாமியாருக்கு, இன்று மட்டும் சாஸ்திரம் ஞாபகம் வந்துவிட்டதா?

பெட்டியின் மூடியில் கை வைத்தாள்.

"அத்தை, நான் இதைத் திறக்கத்தான் போறேன். வேணும்னேதானே கொண்டாந்து இங்க வெச்சீங்க?"

பூத் தொடுத்துக்கொண்டிருந்த வனஜா நிமிர்ந்தாள்.

"நான் எங்கடி வெச்சேன்? உன் புருஷன்தான் காலையில வீடு பூரா தேடித் தேடிப் பொறுக்கிட்டு வந்து வெச்சான். பூஜைக்கு ஒரு பூ எடுத்துக் கொடுக்காத பய!"

வித்யா மூடியைத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, அஸ்வின் சட்டைப் பையை விட்டு இறங்காத அந்த நீலப் பேனா. அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு.

இப்போதுதான் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

போகாதே. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இந்த மனிதனுக்கு வீட்டிலுள்ள பேனா அத்தனையும் வேண்டியிருந்ததா?