தலைக்கு மேல் ஒரு கம்பி

“சக்கரத்தை இன்னும் அகலமா வைக்க முடியாதா?” மூன்றாவது முறையாகக் கேட்டாள் அவள்.

டிராக்டர் கடை விற்பனையாளனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஒரே நச்சரிப்பு. முன்னால் பாரம் தூக்கும் லோடர் மாட்டினால் இறக்கத்தில் தலைகுப்புறச் சாயுமா, கம்பிவடம் சுற்றும் வின்ச்சில் கட்டையை இழுத்தால் வண்டி மல்லாந்துவிடுமா என்று எல்லாக் கேள்வியும் எரிந்து விழுகிற குரலில்தான் வந்தது.

“மலைக்காட்டுக்குன்னே செஞ்ச சின்ன வண்டிம்மா. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்.”

“கண்ணை மூடிக்கிட்டு வாங்க நான் வரல.” டிராக்டர் இருக்கைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு வளைந்து நின்ற இரும்புக் கம்பியைத் தட்டினாள். “இது எதுக்கு?”

“வண்டி கவிழ்ந்தா ஓட்டுறவர் நசுங்காம தாங்கும். ஆனா காட்டுல கிளை இடிச்சுக்கிட்டே இருக்கும். வேணாம்னா கழட்டிடலாம்.”

“கழட்டிடலாமா?” அவள் குரல் உயர்ந்தது.

“ஏம்மா சத்தம் போடறீங்க? போன வருஷம் ஒருத்தர் காட்டுக்கு இதே வண்டிதான் வாங்கினார். என் கையாலயே கழட்டிக் கொடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு குறை சொல்லி வந்ததில்ல மனுஷன்!”

அவள் விறுவிறுவென்று வெளியே போனாள். தன் வேனிலிருந்து எதையோ தரதரவென்று இழுத்து வந்து, அவன் காலடியில் போட்டாள். கடையே அதிர்ந்தது.

அதே மாதிரி வளைந்த கம்பி. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“குறை சொல்ல என் வீட்டுக்காரர் எப்படிய்யா வருவார்?” என்று கத்தினாள். “சரிவுல வண்டி அவர் மேலதானே உருண்டுச்சு!”