சாவியோ இறங்கிய இஞ்சின்

இப்பல்லாம் ஜனங்களுக்குக் கிறுக்கு முத்திப் போச்சு. ஜன்னலுக்கு வெளியே நெஜ ரயில் தடதடன்னு போகுது, ஒருத்தனும் திரும்பிப் பார்க்கிறதில்லை. கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, டிவியில் ரயில் பார்க்கிறான்கள்.

பிராங்கிளின் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி, அவன் முகத்துக்கு நேராகவே இதைச் சொன்னார் இக்னேஷியஸ். "வேல வெட்டி இல்லாதவன் பண்றதுடா இது. டிக்கெட் எடுத்து ஏறுனா அரக்கோணம் வரைக்கும் பாத்துகினே போலாம்."

பிராங்கிளின் சிரித்தான். பாங்கு வேலை போக மிச்ச நேரமெல்லாம் பழைய ரயில் படங்களைத் தேடிப் பிடிப்பதுதான் அவனுக்கு. எவனோ வெள்ளைக்காரன் நாற்பது வருசம் முன்னால் ராயபுரத்தில் எடுத்த பிலிம் சுருள் ஒன்று இப்போது அவன் கைக்கு வந்திருந்தது. சத்தமில்லாத படம். வீட்டு மிஷினில் விட்டு அவனே டிவிக்கு மாற்றியிருந்தான்.

"நேத்துதான் மாத்துனேன் அங்கிள், நானே முழுசாப் பாக்கல. உங்க தம்பி இஞ்சின்ல இருந்தவராச்சே. தெரிஞ்ச மூஞ்சி எதாவது கீதான்னு பாருங்க."

யார்டு வந்தது. ஒரு டீசல் இஞ்சின் மெல்ல ஊர்ந்து வந்து நின்றது. நெற்றியில் பூமாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. ஆயுத பூஜை. ஷெட்டுக் கூரையில் ஒரு காக்கா வாலை முன்னால் விட்டு வந்து உட்கார்ந்தது போலிருந்தது. பழைய பிலிம், இக்னேஷியஸின் கண்ணும் புரை எடுத்த கண்.

இஞ்சின் ஏணியில் ஒரு காக்கிச் சட்டை இறங்கியது. முகம் இஞ்சின் பக்கம், முதுகு வெளியே. இஞ்சின்காரர்கள் அப்படித்தான் இறங்குவார்கள். கால் தரையில் பட்டதும் ஆள் கேமராவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். காட்சி வெட்டிக்கொண்டு போனது.

"சாவியோ" என்றார் இக்னேஷியஸ். "திரும்பப் போடு."

மறுபடி போட்டான். மறுபடியும் தம்பி சாவியோ இறங்கினான், சிரித்தான்.

அந்த இஞ்சினுக்கு அதுதான் முதல் ஆயுத பூஜை, அதுதான் கடைசி. அன்றைக்கே, போட்ட பூமாலை வாடுவதற்குள், அந்த யார்டிலிருந்து கிளம்பி எண்ணூர் பக்கம் எண்ணெய் டேங்கர்களோடு சேர்ந்து எரிந்து போனது. டிரைவர் உடம்பு கிடைத்தது. அசிஸ்டென்ட் சாவியோவின் ஒரு விரல்கூடக் கிடைக்கவில்லை. சாம்பலாகிவிட்டான் என்று சொல்லி மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். "கண்ணால பாத்தவன் எவன்?" என்று கேட்டு, பூசைக்கே போகாத ஒரே ஆள் இக்னேஷியஸ்.

சாவியோவின் பெண்சாதி ஐரீன் இத்தனை வருசம் பொறுத்துவிட்டாள். வருகிற கல்லறைத் திருநாளுக்குள் காசிமேட்டுக் குடும்பக் கல்லறையில் அவன் பேரைப் பொறிக்கச் சொல்லிக் கல் வெட்டுகிறவனிடம் பேசிவிட்டாள். உயிரோடு இருக்கிறவன் பேரைக் கல்லில் வெட்டுவதா என்று இவர் அவளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

இப்போது அங்கிருந்தே ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"ஐரீனு, கல்லுல கை வெக்க வேணாம்னு சொல்லு. அவன் வண்டியோட போவல. ராயபுரத்துலயே எறங்கிட்டான். கண்ணால பாத்துட்டேன்."

"எறங்கினாரா மாமா?"

"சிரிச்சிகினே எறங்குனான்."

"அப்போ ஏன் வூட்டுக்கு வர்ல?"

இத்தனை வருசத்தில் இந்தக் கேள்வி ஒருநாளும் இக்னேஷியஸ் பக்கம் வந்ததில்லை.

"யார்டுலேர்ந்து நம்ம வூடு கூப்புடு தூரம். வஞ்சிரம் வறுத்து வச்சிட்டு வாசல்லியே நின்னுகினு இருந்தேன் மாமா. எறங்கினவரு எங்க போனாரு?"

"ஐரீனு, நான் இன்னா சொல்றேன்னா..."

"கல்லு வேணாம்னு சொல்லிர்றேன். உயிரோட என்னை வுட்டுட்டுப் போனவனுக்கு இன்னாத்துக்குக் கல்லு."

போனை வைத்துவிட்டாள். சாவியோவை 'அவன்' என்று அவள் வாயால் சொல்லி இக்னேஷியஸ் கேட்டதில்லை.

எழுந்தார். சண்டையில் ஜெயித்தாகிவிட்டது. படம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாசலைத் தாண்டப் போகையில் பிராங்கிளின் கூப்பிட்டான்.

"அங்கிள், நில்லுங்க. கொஞ்சம் இங்க பாருங்க."

ரயில்வே கேட் திறந்திருந்தது. சைக்கிள்காரன், கூடைக்காரிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அத்தனை பேரும் தண்டவாளத்தைப் பின்பக்கமாக நடந்து தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடா இது கூத்து?"

பிராங்கிளினுக்கு முகம் வெளுத்திருந்தது. "மிஷினை ரிவர்ஸ்ல ஓட்டி மாத்திட்டேன் அங்கிள். படம் மொத்தமும் கடைசிலேர்ந்து மொதலுக்கு ஓடுது. யார்டுல இஞ்சின் முன்னயும் பின்னயும் போறதால தெரியல."

எதையோ அழுத்தினான். படம் இப்போது நேராக ஓடியது. தரையில் நின்ற சாவியோ கேமராவைப் பார்த்துச் சிரித்தான். திரும்பி, ஏணியைப் பிடித்து மேலே போனான். மாலை போட்ட இஞ்சின் அவனை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது.

"அவர் எறங்கல அங்கிள், ஏர்றாரு. ஐரீன் ஆன்ட்டிக்குச் சொல்லுங்க. அவங்கள வுட்டுட்டுப் போவல."

இக்னேஷியஸ் செருப்பை மாட்டினார். கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினார். பாதிப் படியில், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ஏறுனா இன்னா. அடுத்த கேட்டாண்ட எறங்கியிருப்பான்."