கிணற்று மூடி

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுகிற கதை ஆட்டம் அது. ஆடியதை எழுதி அனுப்பினால், பதிப்பகம் அதிலிருந்தே அடுத்த புத்தகத்தைப் போடும். போன தடவை ஆட்டத்தில், காயம்பட்ட துணைவனைக் கிணற்றில் விட்டு மூடியை இழுத்துப் போட்டவள் மணிமொழி. ஆட்டத்தை நடத்தும் ஜெசிந்தா புதுப் புத்தகத்தைப் பிரித்துப் படித்தாள்.

"கிணற்றுக்குள்ளிருந்து குரல் கேட்கிறது: மணிமொழி, உயிரோடு இருந்தவனை ஏன் மூடினாய்?"

மணிமொழி சட்டென்று நிமிர்ந்தாள். "என் நிஜப் பேரையா அனுப்பினே?"

"சத்தியமா இல்லடி. உன் பாத்திரத்தோட பேரைத்தான் எழுதினேன்."

"விளையாடாதே, கொடு." பிடுங்கிப் பார்த்தாள். அச்சில்தான் இருந்தது. புத்தகத்தை ஜெசிந்தாவிடமே திருப்பி நீட்டினாள்.

"கீழே என்ன போட்டிருக்குன்னு நீயே படி, என்னால முடியல."

"அவள் பதில் சொல்லும்வரை பக்கத்தைத் திருப்பாதீர்கள்னு இருக்கு. சீக்கிரம் ஏதாவது சொல்லுடி, தாள் தானா எழும்புது."