நோன்புப் பகலில் மீன் ஆணம்

ஷரிபுதீனின் விரல்களில் மீன் ஆணம் மணத்தது.

நோன்பு பிடித்த மனிதரின் விரல்கள். பின்னேர அஸர் தொழுகைக்கு இன்னும் பாங்கு சொல்லவில்லை. ஆணம் காய்ச்சுவதற்கு வீட்டு அடுப்போ, விடியுமுன் சாப்பிடும் சஹருக்குப் பிறகு மூட்டப்படவேயில்லை.

அவர் மனைவி றுகையா கை துடைக்கத் துவாயை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல நின்றாள்.

வீட்டுக் கிழட்டு வெள்ளைப் பூனை எங்கிருந்தோ வந்து அவர் காலைச் சுற்றியது. "சீ, அங்கால போ" என்று பாதத்தால் தள்ளிவிட்டு அவர் உள்ளே போனார்.

அவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. அதன் தாயும் தாயின் தாயும் இதே வீட்டில் நெல்மூடைகளுக்குக் காவல் இருந்தவை. இப்போது நெல் வயலில் வைத்தே விலையாகிவிடுகிறது. மூடையும் இல்லை, எலியும் இல்லை. சும்மா இருந்து தின்கிறது என்று அவர் ஏசாத நாள் இல்லை.

முதல்நாள் பக்கத்து வீட்டு முனவ்வறா மதிலுக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்னது பொய்யாக இருக்க வேண்டுமென்று றுகையா இரவெல்லாம் துஆக் கேட்டிருந்தாள். அடுத்த ஊரான பாண்டிருப்பில், குணத்தின் வீட்டுப் பின்வளவில், பட்டப்பகலில் ஷரிபுதீன் சோற்றுக் கோப்பையும் கையுமாகக் குந்தியிருந்தாராம். குணம் அவருடைய பக்கத்து வயல்காரன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று முனவ்வறா சத்தியம் வேறு செய்தாள். அப்படியென்றால் அன்றிரவுத் தறாவீஹ் தொழுகைக்கு முன்னரே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

காய்ச்சலிலும் நோன்பை விடாத மனிதர். பின்னேரமானால் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருப்பவர். அந்தக் காத்திருப்பெல்லாம் நடிப்பா?

மறுநாள் மத்தியானம் லுஹர் தொழுததும் அவர் வழக்கம்போலப் புல்லால் இழைத்த பன்பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, வயலுக்குத் தண்ணீர் பார்க்கப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார். சைக்கிள் வயல் பக்கம் திரும்பவில்லை.

றுகையா அபாயாவைப் போட்டுக்கொண்டு பின் ஒழுங்கை வழியே பாண்டிருப்புக்கு நடந்தாள்.

குணத்தின் வீட்டுத் தகர வேலியில் ஒரு நீக்கல் இருந்தது. அதற்குள் கண்ணை வைத்தாள்.

மாமரத்துக்குக் கீழே அவர் வேலிக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தார். இடது கையில் கோப்பை. வலது கை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

அந்தக் கை வாய்க்குப் போனால் இன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போய்விடுவது என்று நினைத்தாள்.

கை வாய்க்குக் கிட்டப் போனது.

அவர் ஊதினார். இரண்டு மூன்று தடவை ஊதினார். பிறகு கை கீழே இறங்கியது.

"மெல்லத் தின்னுங்க மகள். முள்ளெல்லாம் எடுத்துட்டன்."

மகளா? அவர்களுக்கு இருப்பது இரண்டும் ஆண்பிள்ளைகள்.

தகரத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

மண்ணில் பன்பை சாய்ந்து கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளைத் தலை மட்டும் வெளியே நீண்டு, பல் போன வாயால் அவர் விரலை நக்கிக்கொண்டிருந்தது.

செம்பில் தண்ணீரோடு வந்த குணத்தின் மனைவி வினோஜா அவளைக் கண்டுவிட்டாள். சத்தமில்லாமல் வேலிக்குக் கிட்ட வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். நோன்பு மாதத்தில் உங்கள் வீட்டில் பகலில் அடுப்பு மூட்டுவதில்லையாம். இந்தப் பூனைக்கோ பழஞ்சோறு இறங்காதாம். அதனால் ஷரிபுதீன் காக்கா தினமும் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறார். சூடு பார்க்க ஊதுவாரே தவிர, ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டார். வீட்டில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று குணத்திடம் வாக்கு வாங்கியிருக்கிறார்.

தான் வந்ததைச் சொல்லவேண்டாம் என்று றுகையா கையால் சைகை காட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

அன்று நோன்பு திறக்கும்போது, நல்ல பேரீச்சம்பழமாகப் பார்த்து அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

அடுத்த நாள் லுஹருக்குப் பிறகு, பன்பையைத் தேடிக் குசினிக்குள் வந்த ஷரிபுதீன் வாசலிலேயே நின்றுவிட்டார். அடுப்பு எரிந்தது. சட்டியில் மீன் ஆணம் கொதித்தது. பூனை அடுப்படியில் குந்திக்கொண்டு அவரையே பார்த்தது.

றுகையா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சோற்றுக் கோப்பையை அவர் கையில் வைத்தாள்.

"முள்ள நீங்கதான் எடுக்கணும். எனக்குக் கண் தெரியாது."

மதிலுக்கு அப்பால் முனவ்வறா மணம் பிடித்து மூக்கை உறிஞ்சுவது நன்றாகவே கேட்டது.

றுகையா சட்டியை மூடப்போனவள், நன்றாக மணக்கட்டும் என்று மூடியைக் கீழே வைத்துவிட்டாள்.