மாசற்ற மேசை

மால்மோ நகரின் அறைகலன் நிறுவனமொன்றில், விற்பனைக்குரிய மேசைகளைக் கணினியிலேயே படைத்து மெய்போலக் காட்டுபவன் சிக்ஸ்டன். படப்பிரிவின் தலைவி இல்வா, அவன் படத்தை மூன்றாம் முறையாகத் திருப்பியனுப்பினாள்.

“வெளிச்சம், நிழலெல்லாம் பிரமாதம். ஆனா, மனுஷங்க புழங்குன மேசையா இது? ஒரு கறைகூட இல்லையே! நாளைக்குள்ள சரியா வரலைன்னா வேற ஆளுகிட்ட கொடுத்துடுவேன்.”

மறுநாள் வந்த படத்தில், இளவெயில் தழுவிய ஓக் பலகைமேல் காப்பிக் கோப்பையின் வளையமொன்று பதிந்திருந்தது.

“அடடா, இதுதான் உசுருள்ள மேசை! எப்படி வரைஞ்சீங்க?”

“வரையல. நிஜக் கறையைப் படம்பிடிச்சு அப்படியே ஒட்டிட்டேன்.”

இல்வா குனிந்து மரத்தின் வரிகளை உற்று நோக்கினாள். புன்னகை மறைந்தது.

“அடப்பாவி மனுஷா! இது நம்ம கல்யாணத்துக்கு எங்கம்மா கொடுத்த மேசையாச்சே! உடனே வீட்டுக்குப் போய், அந்தக் கறை போறவரைக்கும் தேய்!”