கை நனைக்காதவர்

ராட்டினம் உச்சியில் போய் நின்றதும் சந்திரமௌலி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

கீழே பழைய துறைமுகம், மேலே வெறும் வானம், நடுவில் நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. அதற்குள் மூன்று பேர். சென்னையிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற பொறியியல் பேராசிரியர் சந்திரமௌலி, அவர் மனைவி கமலினி, அவர்களுக்கு எதிரே மனோகரி.

மனோகரிக்கும் உயரம் என்றால் உயிர் போய்விடும். மொன்றியலிலேயே மகனைப் பெற்று வளர்த்து ஆளாக்கியவள், இந்த ராட்டினத்தை இதுவரை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறாள். ஆனால் மகன் சஞ்சீவன் கட்ட ஆசைப்படும் பெண்ணின் தாய் வந்து கையைப் பிடித்து இழுத்தால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சஞ்சீவனும் அந்தப் பெண் பூர்ணாவும் நைசாகக் கீழேயே நின்றுகொண்டார்கள்.

பூர்ணா நேற்றே எச்சரித்திருந்தாள். "ஆன்ட்டி, சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் அப்பா கை நனைக்க மாட்டார். நீங்க தண்ணி கொடுத்தாக்கூட வாங்க மாட்டார். தப்பா எடுத்துக்காதீங்க."

மனோகரி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பிறந்த மட்டக்களப்பிலும் அப்படிப் பார்க்கிறவர்கள் உண்டு. அதனால்தான் விருந்தாளிகளை வீட்டுக்கு அழைக்காமல் ஊரைக் காட்டப் புறப்பட்டாள். ஊர் பிடித்துப்போனால் உறவும் பிடித்துப்போகும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. நாளைக்கு அவர்கள் சென்னைக்குத் திரும்புகிறார்கள். அதற்குள் அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு 'சரி' வந்தாக வேண்டும்.

வழிக்குத் தீனி இல்லாமல் மனோகரியால் வாசலைத் தாண்ட முடியாது. பிள்ளைகளாவது சாப்பிடட்டும் என்று விடிய எழும்பி மரக்கறி ரோல்ஸ் பொரித்து, ஒரு டப்பா நிறைய அடுக்கிப் பையில் வைத்திருந்தாள். பிள்ளைகளோ உருளைக்கிழங்குப் பொரியல்மேல் சீஸும் குழம்பும் ஊற்றிக் கொடுக்கும் பூட்டீன் கடையைக் கண்டதும் ரோல்ஸை மறந்துபோனார்கள். பாவம், சந்திரமௌலிதான் காலையில் அவளிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிய பையை இன்னும் இறக்கவில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

ஊர் பார்த்த கதையைத்தான் கேட்கக்கூடாது.

கமலினிக்கு எல்லாமே அழகு. தேவாலயத்தின் நீலக் கூரை அழகு. வில்லரே பக்கம் வீடுகளுக்கு வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டு அழகு. தெருவைத் தோண்டிய இடத்திலெல்லாம் வரிசையாக நிற்கும் செம்மஞ்சள் கூம்புகளை ஏதோ திருவிழா அலங்காரம் என்று நினைத்து, அவற்றுக்கு நடுவில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டாள். மனோகரி திருத்தவில்லை. சந்தோஷமாக இருக்கிறவளை எதற்குக் குழப்புவது?

சந்திரமௌலிக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை.

முதலில் போன தேவாலயத்துக்குள் நுழைந்ததுமே ஒரு தூணுக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றார். கைக்குட்டையால் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்து, மரத்துக்குச் சாயம் பூசித் தங்கம் என்று ஏமாற்றுகிறார்கள் என்றார். மவுண்ட் ரோயலில் ஒரு பெரிய மேப்பிள் மரத்தைச் சுற்றிவிட்டு வந்து, மறுபடியும் மீசையைத் துடைத்துக்கொண்டு, இதற்குப் பெயர் மலையா என்றார். படிக்கட்டைப் பார்த்து, பனிக்காலத்தில் வழுக்கி விழுவதற்கென்றே கட்டியிருக்கிறார்கள் என்றார். தண்ணீர்க் குழாயைக் கண்ட இடத்திலெல்லாம் நின்று நின்று குடித்தார். வெயில் தாங்கவில்லை போலும் என்று மனோகரி நினைத்தாள். சென்னைக்காரருக்கு மொன்றியல் வெயில் என்ன செய்துவிடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவர் சொன்ன ஒவ்வொரு குறையும் மகனின் கலியாணத்தை ஒரு முழம் தள்ளிவைப்பதாகவே அவளுக்குப் பட்டது.

கூண்டு மெல்ல ஆடியது. கமலினி கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து, கிழக்கே தெரியும் பாரந்தூக்கிகளைக் காட்டி, அதுவும் அழகு என்றாள்.

"அங்கதான் எங்கட அவர் லொறி ஓடுறார்" என்றாள் மனோகரி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேராசிரியர் வீட்டுப் பெண்ணைக் கேட்டு வந்துவிட்டு, லொறிக் கதையை இங்கே கொண்டுவந்தா சொல்வது?

சந்திரமௌலி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. மடியிலிருந்த பையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

அதைக் கண்டதும் மனோகரிக்குப் பூர்ணாவின் எச்சரிக்கை, சம்பந்தம் எல்லாம் மறந்துபோயின. தலை சுற்றுகிறவருக்கு வாயில் எதையாவது போட வேண்டும். சட்டென்று எட்டிப் பைக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

டப்பா காலி.

காலி என்றும் சொல்ல முடியாது. ஒரு மூலையில், பல் பட்ட பாதி ரோல்ஸ் ஒன்று கிடந்தது. மிச்சமெல்லாம் தூள்.

மனோகரி கமலினியைப் பார்த்தாள். கமலினி டப்பாவைப் பார்த்தாள். பிறகு இருவருமாக அவருடைய மீசையைப் பார்த்தார்கள். அங்கேயும் கொஞ்சம் தூள் இருந்தது.

கமலினி சிரித்த சிரிப்பில் கூண்டே குலுங்கியது. கீழே நின்ற இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார்கள்.

மனோகரிக்கு இப்போதுதான் உண்மையாகவே தலை சுற்றியது. தேவாலயத்தில் அந்தத் தூண்! ஊரில் ஒன்றையுமே பார்ப்பதற்கு முன்பே மனிதர் கை நனைத்துவிட்டார். அது தெரியாமல் அவள் பகல் முழுக்க வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்திருக்கிறாள்.

சந்திரமௌலி கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் நீட்டினார். அவள் அந்தப் பாதியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் நிதானமாக மென்று விழுங்கினார்.

"காரம் கொஞ்சம் ஜாஸ்தி, சம்பந்தியம்மா. காலையிலேர்ந்து ஊரையே காட்டிட்டீங்க. வீட்டை எப்போ காட்டப்போறீங்க?"